தஞ்சாவூர்ல டூரிஸ்ட் கைடு ஆகணுமா? இப்படி ஆரம்பிங்க

கைடு வேலைக்கு வரணும்னு நினைக்கிறவங்க முதல்ல கேக்கறது லைசென்ஸ் எங்க வாங்கறதுன்னுதான். அது வேணும்தான், ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு இடத்தை முழுசா கத்துக்கோங்க, தஞ்சாவூர் பக்கம்னா பெரிய கோயில் போதும்.

விமானத்தோட, அதாவது கருவறை மேல இருக்கற பெரிய கோபுரத்தோட, நிழல் கீழ விழாதுன்னு இன்னமும் சொல்லிட்டிருக்காங்க, தயவுசெஞ்சு நீங்க சொல்லாதீங்க. காலையில விமானத்துக்குப் பின்பக்கம் போனா நிழல் தரையில கிடக்கறது யாருக்கும் தெரியும், அதை ஒரு ஆள் பார்த்துட்டா அப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. பொய்யே தேவைப்படாத கோயில் அது. 1010ல முடிஞ்சது, கட்டின பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேரு கல்வெட்டுலயே இருக்கு, ராஜராஜன் "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்"னு அக்கா குந்தவையையும் சேர்த்துதான் வெட்டச் சொல்லியிருக்கார், கோயில்ல ஆடின தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரோட பேரு, எந்தத் தெருவுல எத்தனாவது வீடு, வருஷத்துக்கு ஆளுக்கு 100 கலம் (கலம்னா அந்தக் காலத்துல நெல்லு அளக்கற அளவு) நெல்லுன்னு எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. ஒருத்தரை கல்வெட்டுக்குப் பக்கத்துல நிறுத்தி ஒரு பேரை விரல் வச்சு படிச்சுக் காட்டுங்க, மன்னர் வரிசையை ஒப்பிக்கறதை விட அதுதான் மனசுல நிக்கும். பெரிய நந்தி சோழர் காலத்துது இல்ல, நாயக்கர் காலம், இதையும் சரியா சொல்லுங்க.

லைசென்ஸுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட சைட்டையும் தமிழ்நாடு சுற்றுலாத் துறை அறிவிப்பையும் பாருங்க, தகுதியும் கட்டணமும் அப்பப்ப மாறும், அதனால யூட்யூப் வீடியோவை நம்பி பணம் கட்டாதீங்க. அது வர்ற வரைக்கும் ஒரு சீனியர் கைடு கூடவே போய் அவர் எங்க நிக்கறார், எங்க பேச்சை நிறுத்தறார்னு கவனிங்க.

இங்கிலீஷோட பிரெஞ்சோ ஜெர்மனோ ஒண்ணு கத்துக்கிட்டா வேலை கூடும், பிரெஞ்சுக்கு சென்னையிலயும் பாண்டிச்சேரியிலயும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கு. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான் வெளிநாட்டு ஆளுங்க அதிகம், வெயில் காலத்துல கை கடிக்கும், அந்த மாசங்கள்ல ஸ்கூல் டூர், குடும்பமா வர்றவங்கன்னு நம்மூர் ஆளுங்களையும் பிடிச்சு வச்சுக்கோங்க.

வெறுங்கால்ல நடக்கணும், கல்லு பத்து மணிக்கு மேலயே சுடும், அதனால காலையில சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க, பையில ரெண்டு மூணு ஜோடி சாக்ஸ் வச்சுக்கோங்க. ரேட்டை முன்னாடியே பேசிடுங்க, எத்தனை மணி நேரம்னு சேர்த்து. கடைக்கு கூட்டிட்டுப் போனா கமிஷன் கிடைக்கும்தான், ஆனா அவங்களா கேக்காம கூட்டிட்டுப் போகாதீங்க.