கூரைக் கரியர் போல்ட்டுக்குப் படகுக் கிரீஸ்

கெப் வாகனத்துக்கு அலுமினியக் கூரைக் கரியர் பூட்டும்போது, ஒவ்வொரு ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் புரியிலும் படகு இயந்திரங்களுக்குப் பூசும் நீர்புகாக் கிரீஸை மெல்லியதாகப் பூசிவிட்டு முடுக்குங்கள்.

இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் உப்பு ஈரம் இறங்கினால் அது சிறு பற்றரி போல வேலை செய்து, அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வாகனங்களில் போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருக்கிறதே, அந்த அரிப்புத்தான் அது. முற்றிவிட்டால் போல்ட் ஸ்பானருக்கு அசையாது, தலை முறியும், பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். கிரீஸ் அந்த ஈரத்தை உள்ளே விடாது. ஆனால் பூசிய புரி இலகுவாக ஓடும் என்பதால் முழுப் பலத்தையும் காட்டாதீர்கள், அலுமினியப் புரி உரிந்துவிடும். முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் இறுக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

கூரையைப் பிடிக்கும் றப்பர் பாதங்களில் கிரீஸ் ஒரு துளியும் படக்கூடாது, வழுக்கும். புரியில் பூட்டுப்பசை பூசியே வரும் போல்ட்டுகளுக்கும் இது வேண்டாம். இரும்புக் கரியருக்கு இரும்பு போல்ட் என்றால் இந்தச் சிக்கல் இல்லை; அங்கே பெயின்ட் உரிந்த இடத்தை உடனே பூசிவிடுவதுதான் முக்கியம்.