'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைப் பாதியில் மூடவைக்கும் தவறுகள்

சார்லஸ் டிக்கன்ஸின் இந்த நாவலை ஆசையாக வாங்கிவிட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கதை ஒன்றும் கடினமில்லை. கென்ட் சதுப்பு நிலத்தில் கொல்லர் வீட்டில் வளரும் பிப் என்ற அநாதைப் பையன், யாரென்றே தெரியாத ஒருவர் தரும் பணத்தில் லண்டன் போய்க் கனவானாகப் பார்க்கிறான். படிக்கிற விதத்தில்தான் நாம் சறுக்குகிறோம்.

முதலில், முன்னுரையைத் தொடாதீர்கள். செவ்வியல் பதிப்புகளுக்கு முன்னுரை எழுதும் பேராசிரியர்கள், கதை எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பில் பணம் தந்தது யார் என்பதைப் போட்டு உடைத்துவிடுவார்கள். டிக்கன்ஸ் 39-வது அத்தியாயம் வரை பொத்திவைத்த ரகசியம் அது. விக்கிபீடியா பக்கமும் போக வேண்டாம். முன்னுரையைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, நான் பார்த்தவரையில் பெரிய தவறு: கதை சொல்வது சிறுவன் என்று நினைத்துக்கொள்வது. சொல்பவர் வயதேறிய பிப். முதல் பக்கத்திலேயே இது தெரிந்துவிடும். பெற்றோரைப் பார்த்தே இராத பையன், கல்லறை எழுத்துகளின் வடிவத்தை வைத்து அப்பா சதுரமாக, தடியாக, சுருட்டை முடியோடு இருந்திருப்பார் என்று முடிவு கட்டுகிறான். பையனுக்கு அது சத்தியம். சொல்பவருக்கு அது சிரிப்பு, கூடவே வலி. இந்த இரண்டு குரலும் காதில் விழாவிட்டால் பிப் வெறும் நன்றிகெட்டவனாகத்தான் தெரிவான். "இவனைப் பிடிக்கவே இல்லை" என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

27-வது அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்த்த கொல்லர் ஜோ, பிப்பைப் பார்க்க லண்டன் வருகிறார். காசு கொடுத்தாவது அவரைத் தடுத்திருப்பேன் என்கிறான் பிப். ஜோ தன் தொப்பியை முட்டை உள்ள பறவைக்கூட்டைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். பிறகு அதைக் கணப்பு மாடத்தின் ஓரத்தில் வைக்க, அது விழுந்துகொண்டே இருக்கிறது. அவர் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறார். ஒரு வாய்க்குப் "பிப்", மறுவாய்க்கு "சார்". படிக்கிற நமக்கே கூசுகிறது. கிளம்பும்போது மட்டும் மனிதர் நிமிர்ந்து நின்று பேசுகிறார்: இந்த உடுப்பில் நான் தப்பாகத் தெரிவேன், பட்டறையில் என்னைப் பார். பின்னால் ஊருக்குப் போகும் பிப், ஜோ வீட்டுப் பக்கம் போகாமல், பரிகாரமாக ஒரு மீனும் ஒரு பீப்பாய்ச் சிப்பியும் அனுப்பிவைக்கிறான். அந்த வரியில் தன்னைத்தானே குத்திக்கொள்வது பெரிய பிப்தான். நாம் வேறு தனியாகத் திட்ட வேண்டுமா?

சுருக்கப் பதிப்பு வாங்குவதும் இதனால்தான் வீண். கதை மிஞ்சும், தொப்பி போய்விடும்.

அப்புறம், அகராதியோடு உட்காராதீர்கள். 'ஆர்க்கிடெக்சுரல்' (கட்டடக்கலை சார்ந்த) என்ற சொல்லை "ஆர்க்கிடெக்டூராலூரல்" என்கிறார் ஜோ. எந்த அகராதியில் தேடுவது? அவர் பேச்சைக் கொஞ்சம் வாய்விட்டுப் படியுங்கள், புரிந்துவிடும்.

ஒரே வாரத்தில் முடித்துவிடும் வேகமும் ஆகாது. 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை, 36 வாரங்கள் பத்திரிகைத் தொடராக வந்தது இது. நாளுக்கு ஒன்றிரண்டு அத்தியாயம் சரியான அளவு.

புத்தகம் வாங்கும்போது பின்னிணைப்பையும் புரட்டிப் பாருங்கள். படிக்க மட்டும் வேண்டாம். டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவு வேறு. நாவலாசிரியரான நண்பர் புல்வர்-லிட்டன் சொல்லித்தான் அச்சுக்கு முன் மாற்றினார். பல பதிப்புகளில் இரண்டுமே இருக்கும். எனக்குப் பழைய முடிவுதான் பிடிக்கும். அதில் பிப்புக்கு எந்தச் சலுகையும் இல்லை.