ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நண்பர்களோடு குதிரைச் சவாரி: முதன்முறை ஏறுபவர்களுக்கு

சேலத்திலிருந்து அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. உயரம் சுமார் 1,500 மீட்டர். கோடையில் கூட்டம் அலைமோதும் ஊர், ஐப்பசி, கார்த்திகையில் ஆளே மாறிவிடும். வெளிநாட்டுக் காலண்டர் படங்களைப் போல நம் மலையில் இலைகள் சிவந்து உதிர்வதில்லை. சிவப்பு வேண்டுமென்றால் சில்வர் ஓக் மரங்களுக்கும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிக்கும் கீழே குனிந்து பாருங்கள்: காப்பிப் பழங்கள் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். குதிரை மேல் மெல்லப் போகிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.

1. நாளையும் வழியையும் முடிவு செய்யுங்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலம் இது. முந்தைய நாள் கொட்டித் தீர்த்திருந்தால் சவாரியைத் தள்ளிப்போடுங்கள். பாசி பிடித்த பாறையில் லாடம் வழுக்கும். மூடுபனி விலகிய பிறகு காலையிலேயே கிளம்பி, மதியத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் உரிமையாளரிடம் கேட்காமல் நுழையாதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது.

2. குதிரைக்காரரிடம் உண்மையைச் சொல்லுங்கள்

நண்பர்கள் முன்னால் வீரம் காட்ட இது இடமில்லை. ஏறியதே இல்லை என்றால் அப்படியே சொல்லி, கூடவே கயிறு பிடித்து நடக்க ஆள் கேளுங்கள். எடையையும் மறைக்காதீர்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 300 கிலோ மட்டக்குதிரைக்கு 60 கிலோதான். முதுகில் புண்ணோ, நடையில் நொண்டலோ தெரிந்தால் அந்தக் குதிரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

3. உடை

முழுக்கால்சட்டை, மூடிய காலணி. காலணிக்குச் சிறிய குதிகால் இருந்தால் பாதம் அங்கவடிக்குள், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்துக்குள், நழுவிச் சிக்காது. குதிரையேற்ற ஹெல்மெட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். மழைக்கோட்டை ஏறுவதற்கு முன்பே அணிந்துகொள்ளுங்கள். முதுகின் மேல் உட்கார்ந்து அதைச் சரசரவென்று பிரித்தால் குதிரை மிரளும். குடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

4. ஏறுதல்

“குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை” என்பார்கள். கொம்பு இல்லாவிட்டாலும் பின்னங்கால் இருக்கிறது. குதிரைக்கு நேர் பின்புறம் பார்வை எட்டாது. எனவே இடது தோள்பக்கமாக, பேசிக்கொண்டே அணுகுங்கள். காதுகள் பின்னால் படிந்திருந்தால் கோபம், விலகி நில்லுங்கள். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டும் வயிற்றுவாரை இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள். முதலில் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொண்டு, பிறகு தளர்த்தும் குதிரைகள் உண்டு. கடிவாளத்தையும் பிடரிமயிரையும் இடக்கையில் சேர்த்துப் பிடித்து, இடக்காலை அங்கவடியில் வைத்து எழும்புங்கள். சேணத்தில் தொப்பென்று விழாமல் மெல்ல உட்காருங்கள். கடைசி நண்பர் ஏறி முடிக்கும்வரை யாரும் நகரக் கூடாது.

5. வரிசையாக நடத்துதல்

நகர, கெண்டைக்காலால் மெல்ல அழுத்துங்கள். நிற்க, நிமிர்ந்து உட்கார்ந்து கடிவாளத்தை இழுத்து, நின்றதும் தளர்த்துங்கள். இழுத்தபடியே இருந்தால் வாய் வலிக்கும். வலித்தால் அதற்குப் பிடிவாதம் வரும். குதிகால் எப்போதும் கீழே, பார்வை எப்போதும் முன்னே.

இடைவெளிதான் இந்தப் பயணத்தின் உயிர். உங்கள் குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே முன்குதிரையின் பின்குளம்புகள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நெருங்கிவிட்டீர்கள். உதை முழங்காலில் விழலாம். கதை பேச அருகருகே போகலாமே என்று தோன்றும். தோட்டப் பாதையின் அகலம் அதற்கு இடம் தராது. தாழ்ந்த கிளை வந்தால் முன்னால் போகிறவர் குரல் கொடுக்கட்டும். கிளையைக் கையால் வளைத்துவிட்டால் அது பின்னால் வருகிறவர் முகத்தில்தான் அடிக்கும்.

மேட்டில் சற்று முன்னால் சாய்ந்து கடிவாளத்தைத் தளர்த்துங்கள், குதிரைக்குத் தலையை நீட்ட இடம் வேண்டும். இறக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, குறுக்காகத் திருப்பாமல் நேராக இறங்குங்கள்.

குழுவில் ஒருவராவது “கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போமே” என்பார். மறுத்துவிடுங்கள். ஒரு குதிரை பாய்ந்தால் மற்றவையும் பின்னாலேயே பாயும். மந்தையாக வாழும் விலங்கின் இயல்பு அது. குழுவில் மிகவும் பயப்படுகிறவரின் வேகம்தான் அனைவருக்கும் வேகம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு. கண்ணில் பட்டால் கத்தாமல், படமெடுக்க நெருங்காமல், குதிரைக்காரர் சொல்கிறபடி வந்த வழியே திரும்புங்கள்.

6. இறங்கிய பிறகு

இரண்டு கால்களையும் அங்கவடியிலிருந்து விடுவித்துவிட்டு இடப்பக்கம் இறங்குங்கள். முழங்கால் சற்று நடுங்கும், அதனால் சேணத்தைப் பிடித்தபடி நில்லுங்கள். வயிற்றுவாரைத் தளர்த்தச் சொல்லுங்கள். கேரட் கொடுப்பதென்றால் குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டு, விரல்களை மடக்காமல் விரித்த உள்ளங்கையில் நீட்டுங்கள். தோட்டத்தில் இறங்கி நடந்திருந்தால் காலுறைக்குள் அட்டை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் உப்பு போதும். தொடை வலிக்கும், எனவே சேலம் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிற நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள்.