ஒரே சர்வரில் பல வலைச் செயலிகள்: மோதலைக் கண்டறிந்து பிரித்துவைக்கும் முறை

ஒரு வேர்ட்பிரஸ் தளத்துக்காக வாடகைக்கு எடுத்த உபுண்டு சர்வரில் நாளடைவில் எக்ஸ்பிரஸில் (நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச் சூழலுக்கான வலைக் கட்டமைப்பு) எழுதிய விற்பனைச் செயலி ஒன்றும், அதற்கான நிர்வாகச் செயலி ஒன்றும் வந்து சேர்வது வழக்கம். தனித்தனியே சரியாக ஓடியவை ஒன்றாக இருக்கும்போது பழுதாகின்றன என்றால், பெரும்பாலும் அவை ஒரே போர்ட்டையோ (கோரிக்கைகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசல்), ஒரே குக்கீயின் (உலாவியில் தளம் சேமித்துவைக்கும் சிறு தகவல்) பெயரையோ, ஒரே நினைவகத்தையோ பயன்படுத்துகின்றன என்று பொருள். ஆகவே சர்வரை மறுதொடக்கம் செய்வதற்கு முன், எது பொதுவாக இருக்கிறது என்று தேடுங்கள். நான் இதை வலியுறுத்தக் காரணம் உண்டு: மறுதொடக்கம் சிக்கலைத் தற்காலிகமாக மறைத்துவிடும், காரணம் அப்படியே இருக்கும்.

படி 1: போர்ட் யார் கையில் இருக்கிறது?

அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டும் வலைக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் மென்பொருள்கள். அப்பாச்சி ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் என்ஜின்எக்ஸை நிறுவினால், என்ஜின்எக்ஸ் தொடங்க மறுத்து, 98 என்ற எண்ணுடன் ஒரு பிழைச் செய்தியைப் பதிவுக் கோப்பில் எழுதும். அந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்பதற்கு லினக்ஸ் தரும் எண் அது. டெர்மினலில் சூடோ உரிமையுடன் எஸ்எஸ் கட்டளையை டி, எல், என், பி ஆகிய நான்கு எழுத்துகளோடு (sudo ss -tlnp) இயக்குங்கள். காத்திருக்கும் போர்ட்கள் ஒவ்வொன்றும் எந்த நிரலிடம் உள்ளது என்று வரிசையாகத் தெரியும். வழக்கமான வலைப் போர்ட்டான 80 உள்ள வரியில் அப்பாச்சியின் பெயர் இருக்கும்.

படி 2: வாசலில் ஒருவர், உள்ளே மற்றவர்கள்

80, 443 (எச்டிடிபிஎஸ் எனும் பாதுகாப்பான இணைப்புக்குரியது) ஆகிய போர்ட்களை என்ஜின்எக்ஸிடம் மட்டும் விட்டுவிட்டு, மற்ற செயலிகளை உள் போர்ட்களுக்கு மாற்ற வேண்டும். அப்பாச்சியின் அமைவுக் கோப்புகளை முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போர்ட்களுக்கான கோப்பில் 80 என்று இருப்பதை 127.0.0.1:8080 என்று மாற்றி, 443 குறித்த வரிகள் இருந்தால் அவற்றையும் முடக்குங்கள். தளத்துக்குரிய விர்ச்சுவல் ஹோஸ்ட் (ஒரு தளத்துக்கான அப்பாச்சி அமைவு) வரியிலும் 80-ஐ 8080 ஆக்குங்கள். இந்த இரண்டாவது இடத்தை மறந்துவிடுபவர்களே அதிகம். 127.0.0.1 என்பது சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி; அதைக் குறிப்பிடுவதால் வெளியிலிருந்து யாரும் அந்தப் போர்ட்டை நேரடியாகத் தொட முடியாது. விற்பனைச் செயலிக்கு 3000, நிர்வாகச் செயலிக்கு 3001 என்று வைத்துக்கொண்டு, அவற்றையும் இதே முகவரியில் மட்டும் காத்திருக்கச் செய்யுங்கள். அப்பாச்சியை முதலில் மறுதொடக்கம் செய்து 80 விடுபட்டதை உறுதிசெய்த பிறகே என்ஜின்எக்ஸைத் தொடங்க வேண்டும்.

படி 3: பெயரைப் பார்த்து அனுப்புதல்

ஒவ்வொரு டொமைன் பெயருக்கும் என்ஜின்எக்ஸில் தனித்தனி சர்வர் பகுதி எழுதி, உரிய உள் போர்ட்டுக்குக் கோரிக்கையை அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பகுதியோடும் பொருந்தாத பெயரில் கோரிக்கை வந்தால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, அந்தப் போர்ட்டுக்குரிய முதல் பகுதியே பதில் தரும். ஒரு தளத்தைத் திறக்கும்போது இன்னொரு தளம் வந்து நின்றால், பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோஸ்ட் தலைப்பையும் (எந்த டொமைன் பெயருக்கு வந்த கோரிக்கை என்று அதனுடன் வரும் குறிப்பு), வந்தது எச்டிடிபிஎஸ் வழியா என்பதைச் சொல்லும் தலைப்பையும் பின்னால் உள்ள செயலிக்குச் சேர்த்து அனுப்புவது கட்டாயம். இரண்டாவதை அனுப்பி, அதை மதிக்கும்படி வேர்ட்பிரஸின் அமைவுக் கோப்பிலும் எழுதாவிட்டால், கோரிக்கை பாதுகாப்பற்ற வழியில் வந்ததாக எண்ணி வேர்ட்பிரஸ் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். உலாவி கடைசியில் கைவிட்டுவிடும். மாற்றங்களை எழுதியதும் என்ஜின்எக்ஸின் சோதனைக் கட்டளையை இயக்கிப் பார்த்துவிட்டு, அதன்பின் மறுஏற்றம் செய்யுங்கள்.

படி 4: குக்கீ மோதல்

தொடக்கநிலையாளர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான், ஏனெனில் எந்தப் பதிவுக் கோப்பிலும் பிழை தெரியாது. விற்பனைச் செயலியில் லாகின் செய்கிறீர்கள்; நிர்வாகச் செயலியைத் திறந்து அதிலும் லாகின் செய்கிறீர்கள்; திரும்பி வந்தால் முதலாவது உங்களை வெளியேற்றியிருக்கிறது. ஒரே டொமைனில் 3000, 3001 என்று போர்ட் மட்டும் வேறுபட்டால், குக்கீயைப் பொறுத்தவரை உலாவிக்கு இரண்டும் ஒரே இடம்தான். எக்ஸ்பிரஸின் செஷன் (லாகின் செய்தவரை நினைவில் வைக்கும்) தொகுப்பு, நாம் மாற்றாதவரை, எல்லாச் செயலிகளிலும் ஒரே பெயரில்தான் குக்கீயை வைக்கிறது. எனவே ஒன்று மற்றொன்றை அழித்து எழுதுகிறது.

உலாவியின் டெவலப்பர் கருவியில் குக்கீ பட்டியலைத் திறந்து, இரண்டாவது லாகினுக்குப் பின் அதே பெயருக்கு நேரே உள்ள மதிப்பு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தீர்வாக, செஷன் அமைப்பில் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பெயர் கொடுங்கள்; இயன்றால் தனித் துணை டொமைனும் கொடுங்கள். துணை டொமைன் கொடுத்த பிறகும், குக்கீயின் பெயர் ஒன்றாகவே இருந்து, அதன் டொமைன் பண்பில் தாய் டொமைனை எழுதிவைத்தால் மோதல் திரும்பிவிடும். அந்தப் பண்பை எழுதாமல் விடுவதே நல்லது.

படி 5: கேஷும் நினைவகமும்

வேர்ட்பிரஸின் கேஷும் (விரைவாக எடுப்பதற்காகச் சேமித்த தற்காலிக நகல்) செயலிகளின் செஷன்களும் ஒரே ரெடிஸில் (நினைவகத்தில் தரவை வைக்கும் மென்பொருள்), 0 என்ற இயல்பான எண்ணிலேயே இருந்தால், ஒருவர் கேஷைக் காலி செய்யும்போது மற்றவருடைய வாடிக்கையாளர்களின் லாகினும் சேர்ந்து அழியக்கூடும். ரெடிஸில் இயல்பாக 0 முதல் 15 வரை 16 தரவுத்தளங்கள் உண்டு, ஆளுக்கொன்று ஒதுக்குங்கள்.

தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்று வேர்ட்பிரஸ் அவ்வப்போது மட்டும் சொன்னால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவைப் பாருங்கள். நினைவகம் தீர்ந்ததால் மரியாடிபி (வேர்ட்பிரஸின் தரவுத்தள மென்பொருள்) நிறுத்தப்பட்டது என்று அங்கே எழுதியிருந்தால், நினைவகத்தைத் தின்றது எக்ஸ்பிரஸில் எழுதிய நோட் செயலியாகவும் இருக்கலாம். சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில் அந்தச் செயலியின் சேவைக் கோப்பில் நினைவக உச்சவரம்பை, எடுத்துக்காட்டாக 512 எம்பி என்று எழுதி, அமைவுகளை மறுபடி படிக்கச் செய்து, அந்தச் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்யுங்கள். இனி அது வரம்பு மீறினால், நிறுத்தப்படுவது அந்தச் செயலிதான், மரியாடிபி அல்ல.