ஒரே ஹாலுக்கு அலுவலகம் மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருவாரூரில் ஒரு தம்பி தன் புது அலுவலகத்தின் வரைபடத்தைப் போனில் காட்டினார். 40 இருக்கை, ஒரே ஹால், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. குறுக்கே ஒரு சுவர்கூடக் கிடையாது. "எல்லாரும் ஒரே இடத்துல உட்கார்ந்தா பேசிப் பேசியே வேலை ஓடிடும்ணே" என்றார். இதே வார்த்தைகளை நான் 2016-இல் கும்பகோணத்தில் 34 பேர் முன்னால் நின்று சொன்னேன். அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்த 34 பேரில் 11 பேர் போய்விட்டார்கள். எல்லோரும் ஹாலினால்தான் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகும்போது என்னிடம் மனம் விட்டுப் பேசிய நான்கு பேரும் அந்த ஹாலைத்தான் முதலில் சொன்னார்கள்.

டெல்டாவில் இப்போது இந்த மாற்றம் நிறைய நடக்கிறது. பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, கூடத்திலும் ரேழியிலும் மேசை போட்டு நடந்த அலுவலகங்கள் பைபாஸ் ஓரத்து வணிக வளாகங்களுக்குப் போகின்றன. 2024-இல் தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் ஐடி நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா திறந்த பிறகு, எங்களுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும் என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பிளக் பாயிண்ட், யுபிஎஸ், கழிப்பறை, வண்டி நிறுத்தும் இடம் பற்றியெல்லாம் ஒப்பந்தக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

அமைதியை விலை கொடுத்து வாங்குவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டுகிற தவறு இது. 4 லட்சத்துக்கு மேல் செலவழித்து, இருந்த நிலைமையை நானே மோசமாக்கினேன்.

அப்போது ஒரு கணக்கு, மருத்துவப் பில்லிங் நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தேன். காவிரிக்கரைப் பக்கம் ஒரு பழைய வீடு எங்கள் அலுவலகம். போன் பேசுகிறவர்கள் ரேழியில், பில் குறியீடு போடுகிறவர்கள் கூடத்தில், கணக்குப் பிரிவு ஒரு காலத்தில் பத்தாயம் இருந்த அறையில். மழைக்காலத்தில் ஒழுகும், மின்சாரம் தகராறு செய்யும். மகாமகம் முடிந்த கையோடு சித்திரையில் ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடிக்கு மாறினோம். வழுவழு டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, தெருப்பக்கம் கண்ணாடி.

முதல் மாதத்திலேயே சத்தம் என்று புகார். பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜன்னல் ஏசிகள் உறுமிக்கொண்டிருந்தன. யார் பேசினாலும் எதிரொலித்தது. சரி, சத்தத்தைக் குறைப்போம் என்று முடிவெடுத்தேன். கூரை முழுக்க ஒலி உறிஞ்சும் பலகை அடித்தோம். ஏசிகளைத் தூக்கிவிட்டு சத்தமே வராத புது இன்வெர்ட்டர் ஏசி மாட்டினோம். வேலை முடிந்த அன்று ஹாலில் நின்றபோது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் குறியீட்டுப் பிரிவிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒன்பது வருடம் எங்களோடு இருந்தவர், பிழையே விடாதவர். "சார், முன்னாடி சத்தமா இருந்துச்சு. இப்ப எல்லாம் புரியுது" என்றார்.

அவர் சொன்னது எனக்கு விளங்க இரண்டு மாதம் பிடித்தது. ஒரு மனிதர் சாதாரணமாகப் பேசினால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபெல் இருக்கும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். சுவரும் கூரையும் திருப்பி அனுப்புகிற ஹாலுக்குள் அவ்வளவு குறையாது. பழைய ஏசியின் உறுமல் அந்தப் பேச்சின் மேல் போர்வை மாதிரி கிடந்தது. ஐந்து நாற்காலி தள்ளிப் பேசுகிற குரல் வெறும் முணுமுணுப்பாகத்தான் வந்து சேர்ந்தது. போர்வையை நான் எடுத்துவிட்டேன், எதிரொலியையும் துடைத்துவிட்டேன். ஹாலின் கடைசியில் ஒருவர் "பாலிசி நம்பர் சொல்லுங்க" என்றால் அந்த எண் ஒவ்வொரு இலக்கமாக இந்தக் கடைசிக்கு வந்தது. இங்கே அந்த அம்மா இன்னொரு எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

எண்களை வரிசையாக மனதில் பிடித்துக்கொண்டு வேலை செய்யும்போது பின்னால் பேச்சு ஓடினால் பிழை கூடும். காதில் போட்டுக்கொள்ளாதே என்று சொல்லியே சோதித்தபோதும் அது கூடியிருக்கிறது. மன உறுதியால் தடுக்கக்கூடிய விஷயம் இல்லை இது. மின்விசிறிச் சத்தம் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். பொருள் புரிகிற பேச்சு பழகாது.

பழைய வீட்டில் ஏன் இந்தத் தொல்லை இல்லை என்று பிறகு யோசித்தேன். நடுவில் முற்றம் இருந்தது. வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் 1895-இல் ஹார்வர்டில் எதிரொலியால் பாடமே நடத்த முடியாத ஒரு வகுப்பறையைச் சரிசெய்யப் போனார். பக்கத்து அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று ராத்திரி ராத்திரியாக அளந்தார். ஒலியை எது எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கு அவர் பிறகு வைத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது. நம் வீடுகளின் முற்றம் கூரையில் வைத்த பெரிய திறந்த ஜன்னல்தான். மண் சுவரும் மர உத்தரமும் வாசக்கால்களும் மீதியை உடைத்துவிடும். அதையெல்லாம் விட்டுவிட்டு டைல்ஸ் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950-களின் கடைசியில் ஜெர்மனியில் ஷ்னெல்லே சகோதரர்கள் இந்தச் சுவரில்லாத அலுவலகத்தை வடிவமைத்தபோது அதில் தரைவிரிப்பு இருந்தது, செடித்தொட்டிகள் இருந்தன, நகர்த்தும் தடுப்புகள் இருந்தன, மேசைகள் யார் யாரோடு பேச வேண்டும் என்பதைப் பார்த்து வளைந்து வளைந்து கிடந்தன. நம் ஊருக்கு வந்து சேர்ந்தது சுவரை எடுத்தது மட்டும்தான், அதுவும் வாடகையும் கட்டுமானச் செலவும் மிச்சமாகும் என்பதற்காக.

அப்புறம் என்ன செய்திருக்க வேண்டும்? போன் பேசுகிறவர்களையும் எண் பார்க்கிறவர்களையும் பிரித்து நடுவில் ஒரு முழுச் சுவர். அதற்கு நான் செலவழித்ததில் கால் பங்கு போதும். கடைசியில் அதைத்தான் செய்தோம். சுவர் கான்கிரீட் கூரை வரை போக வேண்டும், இதை ஒப்பந்தக்காரரிடம் எழுதியே வாங்குங்கள். பால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிட்டால் மேலே உள்ள இடைவெளி வழியாகப் பேச்சு தாராளமாகக் கடந்து வரும். முட்டை அட்டை போன்ற ஸ்பாஞ்சை ஒட்டி 'சவுண்ட் ப்ரூஃப்' என்று விற்கிறார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அடுத்த பக்கம் போகிற ஒலியைத் தடுக்காது. மலிவான ஸ்பாஞ்ச் தீ வேகமாகப் பிடிக்கும், அது வேறு ஆபத்து. உறிஞ்சும் பலகை வேண்டாம் என்று சொல்லவில்லை. தடுப்பு, தூரம், சீரான மெல்லிய பின்னணி இரைச்சல் ஆகியவற்றோடு சேர்த்துப் போட்டால்தான் அது பலன் தரும்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவு ஒரு சாக்பீஸ். ஹாலின் ஒரு மூலையில் ஒருவர் உட்கார்ந்து தினசரியைச் சாதாரணக் குரலில் வாசிக்கட்டும். ஏசி ஓடட்டும். நீங்கள் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்து போங்கள். எந்த இடத்தில் வார்த்தை உடைந்து வெறும் குரலாகிறதோ அங்கே கோடு போடுங்கள். இதையே கருவி வைத்து அளக்க ஐஎஸ்ஓ 3382-3 என்ற தரநிலை 2012-இல் வந்தது. அந்த முதல் பதிப்பின் கணக்குப்படி பேச்சு கவனத்தைக் கலைக்கும் தூரம் 5 மீட்டருக்குள் இருந்தால் நல்ல ஹால், 10 மீட்டரைத் தாண்டினால் மோசம். சாக்பீஸ் அளவு அவ்வளவு துல்லியமாக வராது, ஆனால் ஹால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் ஹாலில் அந்தப் பலகை அடித்த பிறகு நான் 14 மீட்டர் நடந்தேன். வார்த்தை உடையவே இல்லை. பின்சுவர் வந்துவிட்டது.

"நல்லாருக்கு சார்" என்பதை நம்புவது

பால் காய்ச்சி, எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துக் குடிபோன இடத்தைப் பிடிக்கவில்லை என்று நம் ஊரில் யார் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள்? இரண்டு வாரம் நான் ஒவ்வொருவராகப் போய் "பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். 'ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்' என்று முதலாளிக்கு எழுதியும் கொடுத்தேன். அந்தக் கடிதத்துக்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

அதே இரண்டு வாரத்தில் கண்ணெதிரே நடந்தது வேறு. இரண்டு பேர் காலை 7 மணிக்கே வந்து, மற்றவர்கள் வருவதற்குள் கடினமான வேலையை முடித்தார்கள். சுறுசுறுப்பு என்று பாராட்டினேன். மாடிப்படியில் எப்போதும் யாராவது நின்றார்கள். காதில் ஹெட்போன் முளைத்தது. அடுத்தடுத்த நாற்காலியில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டார்கள், ஏனென்றால் வாயைத் திறந்தால் 34 பேருக்கும் கேட்கும்.

இது எங்கள் ஊர்க் கூச்சம் மட்டும் கிடையாது. பெர்ன்ஸ்டீன், டர்பன் என்ற இருவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்புகளை எடுத்துவிட்டு ஒரே தளமாக மாறிய இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களில் ஊழியர்களுக்குச் சென்சார் அட்டை மாட்டி அளந்தார்கள். நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்துபோனது. மின்னஞ்சல் கூடியது. பேசிப் பேசி வேலை ஓடும் என்று நினைக்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

விடுப்புப் பதிவேட்டையும் பாருங்கள். டென்மார்க்கில் 2,403 பேரிடம் கேட்டு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தனி அறைக்காரர்களைவிடச் சுவரில்லாத தளத்தில் இருந்தவர்கள் 62 சதவீதம் அதிக நோய்விடுப்பு எடுத்திருந்தார்கள். இடம்தான் ஒரே காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் மாறிய பிறகு உங்கள் பதிவேடு தடித்தால் காரணம் கேட்காமல் விடாதீர்கள்.

பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். வீட்டில் இருந்து போன் வந்தால் எங்கே போய்ப் பேசுகிறீர்கள், எந்த நேரத்தில் வேலை நன்றாக ஓடுகிறது, எந்த வேலையை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்கள் என்று கேளுங்கள். இதற்கு யாரும் தலையாட்டிவிட்டுப் போக முடியாது.

முதலாளிக்கு மட்டும் கதவு வைப்பது

வைக்காதீர்கள். வைத்தால் 'நாம எல்லாரும் ஒண்ணு' என்று பேசாதீர்கள்.

கேட்பவர் யார் என்பதை மறப்பது

சென்னையில் பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் போன் பேச்சைக் கேட்டால் அது அவரோடு போயிற்று. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் அவர் உங்கள் சித்தப்பா மகளுக்கு நாத்தனாராக இருப்பார், அல்லது உங்கள் அம்மா பால் வாங்குகிற வீட்டுக்காரராக இருப்பார்.

எங்கள் ஊழியர்களில் பாதிப் பேருக்கு ஊரில் நிலம் உண்டு. ஜூனில் மேட்டூர் திறந்துவிட்டால் அலுவலக நேரத்திலும் வயல் போன்கள் வரும். உழவு, நடவு ஆள், கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன். ஒரு பையன் குறுவைச் செலவுக்கு மனைவியின் நகையை வைப்பது பற்றி மெல்லிய குரலில்தான் பேசினான். அன்று சாயங்காலமே தெருவில் அவன் மாமியாரிடம் ஒருவர் விசாரித்துவிட்டார். கேட்டவரும் கெட்ட எண்ணத்தில் விசாரிக்கவில்லை, அக்கறைதான். பையன் மூன்று மாதத்தில் வேலையை விட்டான். வரன் பார்க்கிற வீட்டிலிருந்து போன் வந்தால் பெண்கள் கழிப்பறைக்குள் போய்ப் பேசியதும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

30 பேருக்கு இரண்டு சின்ன அறைகளாவது வேண்டும். 4 அடிக்கு 5 அடி போதும். கதவு நன்றாக மூட வேண்டும், உள்ளே காற்றுக்கு ஒரு விசிறி வேண்டும், மேலாளர் இருக்கையிலிருந்து யார் உள்ளே போகிறார்கள் என்று தெரியக்கூடாது. 'கூட்ட அறை' என்று பெயர் வைத்தால் மேலாளர்கள் பிடித்துக்கொள்வார்கள். போன் அறை என்றே எழுதி ஒட்டுங்கள்.

ஏசிக்கு நேர் கீழே மேசை போடுவது

அங்கே உட்காருபவர் தினமும் சால்வை கொண்டுவருவார். மேசையை நகர்த்துங்கள்.

ஆடியில் குடிபோவது

நம்பிக்கை இல்லாத முதலாளிகள்கூட இதில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அதற்குப் பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பேச்சு அந்தத் தேதிக்கே போகும்.

இருக்கையை யாரையும் கேட்காமல் ஒதுக்குவது

பெயர்ச்சீட்டை முன்கூட்டியே மேசையில் ஒட்டி வைத்தேன், ஒழுங்காக இருக்கட்டும் என்று. ஒவ்வொருவருக்கும் முதுகுக்குப் பின்னால் யார் நடப்பார்கள் என்பது முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை. கணினித் திரை நடைபாதையைப் பார்த்து இருந்தவர்கள் நாள் முழுக்கத் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். காலி ஹாலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிப்போய், உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றிருந்தால் அரை நாள் வேலை. எல்லோர் விருப்பமும் நிறைவேறாது. ஆனால் யார் எதைத் தாங்க மாட்டார்கள் என்பது மேசை வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

திருவாரூர்த் தம்பி நேற்று போன் செய்தார். தினசரியை வாசிக்கவிட்டு நடந்து பார்த்தாராம், வார்த்தை உடைய 12 மீட்டர் ஆனதாம். தரைக்கு டைல்ஸ் இன்னும் இறக்கவில்லை, சுவர் எந்த இடத்தில் வரவேண்டும் என்று கேட்டார். வியாழக்கிழமை போகிறேன்.