மோட்டாரை முதலில் கையால் ஓட்டட்டும்

எட்டாம் வகுப்புக்கு மோட்டார் பாடம் எடுக்கும் நாளில் முதல் அரை மணி நேரம் நான் கணினியைத் திறப்பதில்லை. ஆளுக்கொரு சக்கரம் மாட்டிய மஞ்சள் பிஓ மோட்டார் (கியர் வைத்த சின்ன மோட்டார்), நாலு பென்சில் செல் போட்ட பெட்டி, அவ்வளவுதான். வயரை வைத்தால் சக்கரம் சுற்றும். மாற்றி வைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். "சரி, இப்போ மெதுவாச் சுத்த வைங்க" என்பேன். கொஞ்ச நேரம் முழிப்பார்கள். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை வயரைத் தொட்டுத் தொட்டு எடுக்கும். சக்கரம் தயங்கித் தயங்கி ஓடும். இனி எழுதப்போகும் நிரல் முழுக்க இந்தக் கை வேலைதான்.

நிரலை ஓட்டப்போவது ஆர்டுயினோ யூனோ என்ற சின்னக் கணினிப் பலகை. மோட்டாரை அதன் பின்னில் (வயர் செருகும் துளையில்) நேராகச் செருக விடாதீர்கள். ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியர் எடுக்கலாம். மோட்டார் கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நான் திரும்புவதற்குள் ஒரு மாணவி செருகிவிட்டாள், அந்தப் பின் அன்றோடு போனது. நடுவில் எல்298என் டிரைவர் வேண்டும்; ஆர்டுயினோ சொல்வதைக் கேட்டு பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு விடும் பலகை அது. அதுவே சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிடும் என்பதால் இங்கே 7.4 வோல்ட் பேட்டரி கொடுங்கள்.

டிரைவரில் திசைக்கான ஐஎன்1 ஆர்டுயினோவின் ஏழாம் பின்னுக்கு, ஐஎன்2 எட்டுக்கு. வேகத்துக்கான இஎன்ஏ மேலிருக்கும் குட்டித் தொப்பியைக் கழற்றிவிட்டு இஎன்ஏவை ஒன்பதுக்கு.

அடுத்தது கிரவுண்ட், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான மைனஸ் பக்கம். பேட்டரியின் மைனஸ், டிரைவரின் கிரவுண்ட், ஆர்டுயினோவின் கிரவுண்ட் மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். இதை விட்டால் மோட்டார் அசையாது, அல்லது கண்டபடி துள்ளும். பாவம், பிள்ளைகள் நிரலில்தான் தப்பு என்று நினைத்து அழித்து அழித்து எழுதுவார்கள். அதனால் கிரவுண்டின் கறுப்பு வயரை விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் யூஎஸ்பி செருக அனுமதி.

நிரலில் ஏழு ஹை (ஆன்), எட்டு லோ (ஆஃப்) என்றால் ஒரு பக்கம் சுற்றும். இரண்டையும் மாற்றினால் மறுபக்கம். கையில் வயரை மாற்றிப் பிடித்தோமே, அதேதான். திசை மாற்றும் முன் அரை நொடி நிறுத்தச் சொல்லுங்கள். வேகத்துக்கு ஒன்பதில் அனலாக்ரைட் என்ற கட்டளை, 0 (நிற்கும்) முதல் 255 (முழு வேகம்) வரை. தொட்டுத் தொட்டு எடுத்த வேலையை இது நொடிக்குச் சுமார் 490 முறை செய்கிறது.

கடைசியாக ஒரு வேலை. அனலாக்ரைட் எண்ணைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து ஐந்தாக ஏற்றச் சொல்லுங்கள். முதலில் மோட்டார் முனகும், சுற்றாது. எந்த எண்ணில் சக்கரம் கிளம்புகிறதோ அதை டேப்பில் எழுதி மோட்டார் மேலேயே ஒட்டட்டும். ஒருத்தர் மோட்டாரில் 70 வரும், பக்கத்து மோட்டாரில் 90 வரும். அடுத்த வாரம் இரண்டு மோட்டார் வைத்து வண்டி கட்டும்போது அது ஒரு பக்கமாக இழுக்கும். ஏன் என்று கேளுங்கள். டேப்பைப் பார்த்து அவர்களே சொல்வார்கள்.