நாயோடு ஆறுதலாக இருபது நிமிடம்

வேலையால் வந்த கையோடு நாயை இழுத்துக்கொண்டு கொழும்பு மரைன் டிரைவில் விறுவிறுவென்று இரண்டு கிலோமீட்டர் போய்வந்தால் கால்தான் நடந்திருக்கும். நாய்க்கு வீதி என்றால் மணம். முகரும்போது அது செக்கனுக்கு ஏறத்தாழ 5 தடவை காற்றை இழுக்கிறது. விடும் மூச்சு மூக்கின் ஓரப் பிளவுகளால் போவதால் புது மணம் கலையாமல் உள்ளே வருகிறது. ஓடி இரைக்கும் நாயால் இப்படி முகர முடியாது. அதனால் வேகத்தை நாயே தீர்மானிக்கட்டும்.

நாயைப் பிடித்து நடக்க 3 மீற்றர் நாடா ஒன்று வாங்குங்கள். கழுத்துப் பட்டியில் கொளுவாமல், மார்புப் பட்டியின் முதுகு வளையத்தில் கொளுவுங்கள். பட்டிக்குக் கீழே இரண்டு விரல் நுழையவேண்டும். தானாகச் சுருளும் நாடா வேண்டாம். அது எப்போதும் இழுவிசையோடு இருப்பதால் நாய் இழுக்கத்தான் பழகும். வாகனங்கள் ஓடும் காலி வீதியில் (Galle Road) நாடாவை ஒரு மீற்றராகச் சுருட்டிப் பிடித்து, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பியதும் விடுங்கள்.

காலை 6.30க்கு முன் அல்லது மாலை 6க்குப் பின் நல்லது. புறங்கையைத் தாரில் 7 செக்கன் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுங்கள்; மணி பார்க்கத் தேவையிராது.

நாய் நின்றால் நீங்களும் நில்லுங்கள். உங்கள் மூச்சைப் பத்து வரை எண்ணுங்கள். இன்னும் முகர்கிறதா? மறுபடி ஒன்றிலிருந்து. நாடா தொய்ந்து தொங்கவேண்டும். மூன்றாம் நாலாம் நாள் பொறுமை போகும், கை தானாக இழுக்கும்; மனம் இன்னும் தூரத்தையே கணக்குப் பார்ப்பதுதான் காரணம். தூரத்தை விட்டு, நின்ற இடங்களை எண்ணுங்கள். 20 நிமிடத்தில் நாலு மதில் முடிந்தாலும் அது நல்ல நடைதான்.

இழுக்கவேண்டிய இடங்களும் உண்டு. குப்பைப் பையருகே கிடக்கும் சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். மழைக்குப் பின் தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், குடிக்கவிடாதீர்கள். தெருநாய் எதிர்ப்பட்டால் நாடாவை இறுக்காமல் அரைவட்டமாக விலகிப் போங்கள். இறுக்கினால் உங்கள் பதற்றம் நாய்க்கும் ஏறும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டிருக்கவேண்டும். கரையோர ரயிலின் ஹோர்னுக்கு மிரளும் நாயை முதல் வாரம் தண்டவாளப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வீடு வந்ததும் 5 நிமிடம் நிலத்தில் அமர்ந்து நாயின் உடம்பில் உண்ணி தேடுங்கள்: காதின் உட்புறம், விரலிடுக்கு, அக்குள், வாலடி. உண்ணியால் வரும் இரத்த நோய்கள் இங்கே சாதாரணம், இதை ஒருநாளும் விடவேண்டாம். விரல் நுனியால் மயிரைப் பின்னோக்கி மெல்லத் தடவினால்தான் அகப்படும். அவசரக் கைக்குத் தெரியாது. கண்டால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். எண்ணெயும் நெருப்பும் வேண்டாம்.